வெளிநாட்டு ஆள்

கொல்லிமலையின் அரியூர் நாட்டில் ரோஸ்லினிடம் திட்டு வாங்காத பெண் ஒருத்தி இருந்தால், அவள் இன்னும் பிள்ளை பெறவில்லை என்று அர்த்தம். சத்து மாத்திரையை வாங்கிக்கொண்டு போய் அரிசிப் பானைக்குப் பின்னால் ஒளித்து வைக்கிறவளை ரோஸ்லின் ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிடுவாள். "கண்ணெல்லாம் வெளுத்துக் கிடக்கு, மாத்திரை சாப்பிட்டேன்னு என்கிட்டயே கதை விடுறியா?" என்று ஆரம்பித்தால் பக்கத்துத் தெரு வரைக்கும் கேட்கும். திட்டி முடித்ததும் அதே வீட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஒரு தம்ளர் காப்பி குடித்துவிட்டுத்தான் எழுந்திருப்பாள்.

லால்குடிப் பக்கத்தில் பிறந்தவள். கிராம சுகாதாரச் செவிலியர் என்பது அரசாங்கம் கொடுத்த பேர். மலையில் அவள் நர்ஸம்மா. வேலைக்கு வந்த முதல் நாள் பஸ்ஸில் வளைவுக்கு வளைவு வாந்தியெடுத்து, மலைமேல் சோளக்காடு என்ற ஊரில் இறங்கும்போது நிற்கக்கூட முடியவில்லை. ஒரு வருடம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிட்டு மாற்றல் கேட்டுவிட வேண்டும் என்று நினைத்தாள். அந்த ஒரு வருடம் நீண்டுகொண்டே போனது. கணவர் துறையூரில் மளிகைக் கடை வைத்திருக்கிறார். சனிக்கிழமை இறங்கிப் போய்த் திங்கட்கிழமை ஏறி வந்துவிடுவாள். தொழிலில் அவளுக்கு ஒரு பிடிவாதம் உண்டு. பிள்ளைக்குக் காய்ச்சல், மாத்திரை கொடுங்கள் என்று யார் வந்து நின்றாலும் கொடுக்க மாட்டாள். எத்தனை மேடு பள்ளம் என்றாலும் நடந்து போய்ப் பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்த பிறகுதான் மாத்திரை.

அவளுக்கு ஒரு தம்பி இருந்தான். ஆரோக்கியசாமி. வெளிநாட்டில் ஒரு ஓட்டலுக்குச் சமையல் வேலைக்குப் போனவன், காய்கறி வாங்கச் சந்தைக்குப் போன இடத்தில் குண்டு வெடித்துச் செத்துப்போனான். ஆணி அடித்த பெட்டியாக ஊருக்கு வந்தான். திறக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். அம்மா பெட்டியின் மேல் கையை வைத்துக்கொண்டு, எந்தப் பக்கம் அவனுடைய தலை இருக்கிறது என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். யாருக்கும் தெரியவில்லை.

பிறகு செய்தியில் ஒரு விஷயம் வந்தது. குண்டு வைத்தவர்கள் அந்தச் சந்தைக்குப் பக்கத்துத் தெருவிலேயே வீடு பிடித்து மாதக்கணக்கில் தங்கியிருந்தார்கள். மூட்டை மூட்டையாக உள்ளே போனதை அக்கம்பக்கத்தார் பார்த்திருக்கிறார்கள். நமக்கு எதற்கு வம்பு என்று பேசாமல் இருந்துவிட்டார்கள். ரோஸ்லினுக்குக் குண்டு வைத்தவர்களைவிட அந்த அக்கம்பக்கத்தார் மேல்தான் ஆத்திரம் அதிகம். "ஒருத்தன் வாயைத் திறந்திருந்தா என் தம்பி உசுரோட இருந்திருப்பான்" என்று பாப்பாத்தியிடம் எத்தனையோ தடவை சொல்லி அழுதிருக்கிறாள்.

மலையில் அந்தக் கதை முழுதாகத் தெரிந்த ஒரே ஆள் பாப்பாத்திதான். மரவள்ளியும் கொஞ்சம் மிளகும் போட்டுப் பிழைக்கிறவள், புருஷனை இழந்தவள், வாயாடி. ரோஸ்லின் திட்டினால் திருப்பித் திட்டுகிற ஒரே மனுஷியும் அவள்தான். அதனாலேயே இரண்டு பேருக்கும் ஒட்டிக்கொண்டது. ரோஸ்லின் மத்தியானச் சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறப்பது பெரும்பாலும் பாப்பாத்தி வீட்டு வாசலில்தான்.

போன ஆடி மாதக் கடைசியில், மலையில் வேலை பார்க்கும் அரசு ஊழியர்களை எல்லாம் கூப்பிட்டு ஒரு கூட்டம் போட்டார்கள். அருள்மொழி என்ற இன்ஸ்பெக்டர் பேசினார். வெளிநாட்டில் பயிற்சி எடுத்தவர்கள் மலைப்பகுதிகளில் பதுங்கலாம் என்று மேலே இருந்து எச்சரிக்கை வந்திருக்கிறது, புதிய ஆட்கள் நடமாட்டம் தெரிந்தால் சொல்லுங்கள், சொல்கிறவர் பேர் வெளியே வராது என்றார். வந்தவர்களில் பாதிப் பேர் டீக்கும் வடைக்கும் காத்திருந்தார்கள். ரோஸ்லின் மட்டும் அவர் சொன்ன நம்பரைப் போனில் ஏற்றிக்கொண்டாள்.

அடுத்த வாரம் பாப்பாத்தி வாசலில் மொச்சை உரித்துக்கொண்டே பேச்சை எடுத்தாள்.

"ஏனுங்க நர்ஸம்மா, சேதி தெரியுமா? கரட்டோரம் இருக்குற கொட்டாயில ஒரு ஆளு வந்து தங்கியிருக்கானுங்க. வெளிநாட்டு ஆளு."

ரோஸ்லின் எடுத்த கவளத்தைப் பாத்திரத்திலேயே போட்டாள். "வெளிநாடா?"

"ஆமாங்க. யாருகூடவும் பேச்சு வார்த்தை கெடையாது. லாரில ட்ரம்மு ட்ரம்மா எறக்குனான். மொகத்துல துணியக் கட்டிக்கிட்டு ஒண்டியாவே மருந்து கலக்கறான். கிட்டப் போனா, தள்ளிப் போ தள்ளிப் போன்னு கைய ஆட்டறான். நாங்க பாடுபட்ட காடுங்க அது. இப்ப எவனோ வந்து உக்காந்துக்கிட்டான்."

கடைசி இரண்டு வாக்கியம் ரோஸ்லின் காதில் ஏறவே இல்லை. வெளிநாடு, ட்ரம், மருந்து, முகத்தில் துணி. அவளுக்குச் சந்தையும் ஆணி அடித்த பெட்டியும் கண்முன்னே வந்துவிட்டன. கொட்டாய் என்று பாப்பாத்தி சொன்ன அந்தக் கொட்டகை அங்கிருந்து ஒரு மேடு ஏறினால் தெரியும். ஏறிப் பார்க்க அவளுக்குப் பயம். பாதிச் சாப்பாட்டில் பாத்திரத்தை மூடிக்கொண்டு ரோட்டுக்கு வந்து, சிக்னல் கிடைக்கிற இடம் பார்த்து நின்று போன் போட்டாள்.

"நீங்க நேர்ல பாத்தீங்களா சிஸ்டர்?" என்று கேட்டார் இன்ஸ்பெக்டர்.

"ரொம்ப நம்பிக்கையான ஆள் சொன்னாங்க சார்."

மறுநாள் காலையில் சாதாரண உடுப்பில், துப்பாக்கியோடு போலீஸ் கொட்டகையைச் சுற்றி வளைத்தது. உள்ளே இருந்தவன் யாரோ கொள்ளைக்காரர்கள் என்று நினைத்து ஓடினான். ஓடினால் சந்தேகம் உறுதியாகுமே தவிரக் குறையாது. துரத்தினார்கள். பாறை வழுக்கி ஓடைக்குள் விழுந்தான். தொடை எலும்பு முறிந்தது. சோளக்காட்டில் ஜீப்புகள் வரிசையாகப் போனதை யாரோ போனில் படம் பிடித்துப் போட, மத்தியானத்துக்குள் 'கொல்லிமலையில் வெளிநாட்டுத் தீவிரவாதி சிக்கினான்' என்று ஊர் ஊராகப் பறந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் விலங்கோடு படுத்திருந்தவனின் முகமும் அதில் இருந்தது.

அன்றைக்கு ரோஸ்லினுக்குக் கால் தரையில் பாவவில்லை. அதைச் சொல்லத்தான் வேண்டும். தம்பியின் படத்துக்கு முன்னால் மெழுகுவர்த்தி ஏற்றி, "ஆரோக்கியம், இந்தத் தடவை நான் பேசாம இருக்கலடா" என்றாள். பெருமையாக இருந்தது.

அந்தப் பெருமை சாயங்காலம் வரைக்கும் தாங்கவில்லை. பஸ் நிற்கும் இடத்தில் ஊர்க்கவுண்டர் கருப்பண்ணன் தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"அக்கிரமமுங்க நர்ஸம்மா. நம்ம முரளி. சேலூர் நாட்டுப் பையன். மொளகுக் காட்டைக் குத்தகைக்கு எடுத்து, வாடல் நோவுக்கு மருந்தடிக்க வந்தவன். மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலக்குனதுக்குக் கால ஒடைச்சுப் போட்டாங்க."

"வெளிநாட்டு ஆளுன்னு சொன்னாங்களே?"

"வெளிநாடுதானுங்க. நம்மது அரியூர் நாடு. சேலூரு நமக்கு வெளிநாடு இல்லீங்களா?"

ரோஸ்லின் பஸ்ஸைப் பிடிக்கவில்லை. அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். மலையில் பத்துப் பதினைந்து ஊர்கள் சேர்ந்தால் அது ஒரு நாடு. அவளுக்குத் தெரியாததா? அரியூர் நாடு, சேலூர் நாடு, வளப்பூர் நாடு என்று நாள் தவறாமல் வாயால் சொல்லி, கையால் எழுதுகிற பேர்கள்தானே. 'எந்த நாடு?' என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் 'சேலூருங்க' என்று பதில் வந்திருக்கும். கேட்கவில்லை. ஒரு பிள்ளையின் காய்ச்சலைத் தொட்டுப் பார்க்காமல் நம்பாதவள், ஒரு மனிதனின் முகத்தைப் பார்க்காமலே அவனைக் கொலைகாரன் என்று நம்பிவிட்டாள்.

போலீஸ் முரளியை விடுவித்தது. தவறான தகவலால் நடந்துவிட்டது என்று இன்ஸ்பெக்டரே ஊருக்கு வந்து சொன்னார். தகவல் தந்தது யார் என்று அவர் சொல்லவில்லை; ஊர் தானே கண்டுபிடித்துக்கொண்டது. முரளி குத்தகைக்கு எடுத்த காடு பாப்பாத்தியுடைய கொழுந்தனாருடையது. தனக்குத்தான் தரவேண்டும் என்று அவள் ஊரறியச் சண்டை போட்டிருந்தாள். கொட்டகைப் பக்கம் போய் எட்டிப் பார்த்தவளும் அவள்தான். பிறகென்ன சாட்சி வேண்டும்?

இரண்டு நாள் கழித்துப் பாப்பாத்தி துணை சுகாதார நிலையத்துக்கே வந்தாள். கதவோரம் நின்று குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"நர்ஸம்மா, நான் அந்தப் பேச்ச உங்ககிட்ட மட்டுந்தானுங்க சொன்னேன். நீங்க யாருகிட்டயாச்சும்..."

"நான் யாருகிட்ட சொல்லப் போறேன்?" என்றாள் ரோஸ்லின்.

பட்டென்று வந்துவிட்டது. யோசித்துச் சொன்ன பொய்கூட இல்லை. பாப்பாத்தியின் முகத்தில் அப்போது தெரிந்தது ஆறுதல். "அதானே. உங்களப் போயி நெனச்சேன் பாருங்க, எம் புத்தியச் செருப்பால அடிக்கோணும்" என்று சொல்லிவிட்டுப் போனாள். ரோஸ்லின் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். அழுது என்ன? வெளியே ஓடிப் போய்க் கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடவில்லை. உண்மை தெரிந்தால் ஒரு பெண்கூடத் தன்னிடம் வரமாட்டாள், இத்தனை வருட உழைப்பும் வீணாகிவிடும், ஊரின் நன்மைக்காகத்தான் மறைக்கிறேன் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். அந்தச் சமாதானத்தை அவளே நம்பவில்லை.

பாப்பாத்தியை யாரும் அடிக்கவில்லை, ஏசவில்லை. அவளோடு பேசுவதை விட்டார்கள், அவ்வளவுதான். குழாயடிக்கு அவள் வந்தால் மற்றவர்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு நகர்ந்தார்கள். மலையில் ஒருவர் காட்டு வேலைக்கு இன்னொருவர் போவதும், அவர் இவர் காட்டுக்கு வருவதும் வழக்கம். அவளை யாரும் கூப்பிடவில்லை, அவள் கூப்பிட்டும் யாரும் வரவில்லை. தை பிறந்ததும் மரவள்ளி பிடுங்க வேண்டும். பிடுங்கின கிழங்கை உடனே லாரியில் ஏற்றாவிட்டால் கறுத்துப் போகும். பாப்பாத்தி தன்னந்தனியாக நின்று செடியோடு மல்லுக்கட்டியதை ரோட்டிலிருந்து ரோஸ்லின் பார்த்தாள். இறங்கிப் போய்க் கூட நிற்கலாமே என்று நினைத்து, அந்த முகத்துக்கு நேரே நிற்க முடியாமல் நடையைக் கட்டினாள்.

அந்த வாரமே முரளியும் வந்து சேர்ந்தான். மிளகு பறிக்கிற காலம், குத்தகைக் காட்டை விட்டுவிட முடியாதே. கூடவே அவன் மனைவி சுகுணா, நிறைமாத வயிற்றோடு. எலும்பு கூடிவிட்டது, ஆனால் கோணலாகக் கூடியிருந்தது. மிளகுக் கொடி படர்ந்த மரத்தில் ஏணி சாத்தி ஏற அவனால் முடியவில்லை. கீழே நின்று, கூலியாள் பறித்துப் போடுவதை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தான். சுகுணாவை ரோஸ்லின் போய்ப் பார்க்க வேண்டும். அது அவள் வேலை. மூன்று தடவை கிளம்பி, மூன்று தடவையும் மேட்டிலிருந்து திரும்பிவிட்டாள்.

கடைசியில் இன்ஸ்பெக்டரைத் தேடிப் போனாள். "தகவல் குடுத்தது நான்தான்னு ஊர்ல சொல்லிடுங்க சார்."

"அது முடியாது சிஸ்டர். சொன்னவங்க பேரை நாங்களே வெளியே விட்டா, நாளைக்கு நிஜமாவே ஒருத்தன் வந்து பதுங்கினா எங்களுக்கு யாரு சொல்வாங்க?"

"இப்ப மட்டும் யாரு சார் சொல்லப் போறாங்க? மலையில ஒருத்தரும் வாயத் திறக்கிறதில்ல. என்கிட்டகூட யாரு வீட்டுக்கு யாரு வந்திருக்காங்கன்னு சொல்ல மாட்டேங்கிறாங்க."

அருள்மொழி மேசையிலிருந்த கோப்பை மூடி வைத்தார். "குண்டு வைக்கிறவன் நாலு பேரைக் கொல்றதுக்காக மட்டும் வைக்கல சிஸ்டர். மிச்சப் பேரு பக்கத்து வீட்டுக்காரனைப் பார்த்துப் பயப்படணும், நாம சட்டத்தை மறந்துட்டு ஓடணும், அதுக்குத்தான் வைக்கிறான். நீங்க சொன்னது தப்பில்ல. சொல்றதுதான் உங்க வேலை, விசாரிக்கிறது என் வேலை. ஒரு ஆளை அனுப்பி முதல்ல விசாரிச்சிருந்தா போதும். மேல இருந்து அவசரப்படுத்தினாங்க, நானும் அவசரப்பட்டுட்டேன். அந்தப் பையன் காலுக்கு நான்தான் பதில் சொல்லணும்." பிறகு எழுந்து நின்று, "உங்க பேரை நான் சொல்ல மாட்டேன். நீங்க சொன்னா நான் தடுக்க முடியாது" என்றார்.

எங்கோ ஒரு சந்தையில் வெடித்த குண்டு தன் தம்பியோடு முடிந்துபோனது என்றுதான் ரோஸ்லின் அதுவரை நினைத்திருந்தாள். அது தன் வழியாக மலையேறி வந்து முரளியின் காலையும் பாப்பாத்தியின் பேரையும் எடுத்துக்கொண்டது என்பது பஸ்ஸில் திரும்பி வரும்போதுதான் உறைத்தது. அதை ஏற்றிக்கொண்டு வந்தவள் அவளேதான்.

ஞாயிற்றுக்கிழமை காலை கோயில் முன்னால் ஊர் கூடியது. வருகிற நோம்பித் திருவிழாவுக்குப் பாப்பாத்தியைச் சேர்ப்பதா வேண்டாமா என்பதுதான் பேச்சு. அந்த வாரம் ரோஸ்லின் துறையூருக்கு இறங்கவில்லை. பாப்பாத்தி ஓரமாக, புடவைத் தலைப்பை இறுக்கிப் போர்த்திக்கொண்டு நின்றாள். முரளி ஊன்றுகோலோடு கல்லில் உட்கார்ந்திருந்தான்; பக்கத்தில் சுகுணா. ரோஸ்லின் நேரே கருப்பண்ணன் முன்னால் போய் நின்றாள்.

"கவுண்டரய்யா, போலீசுக்குப் போன் பண்ணினது நான். பாப்பாத்தி காட்டைப் பத்திப் பேச்சு வாக்குல என்கிட்ட சொன்னாங்க. வெளிநாடுன்னதும் நான் தப்பா எடுத்துக்கிட்டேன். விசாரிக்கல. போய்ப் பார்க்கல. இவங்க மேல எந்தத் தப்பும் இல்ல. இத்தனை மாசம் இவங்க மேல பழி விழுந்ததைப் பார்த்துக்கிட்டு நான் வாயை மூடிக்கிட்டு இருந்தேன்."

அவ்வளவுதான் சொல்ல முடிந்தது. தம்பியின் கதையைச் சொல்லலாம் என்று நினைத்துத்தான் வந்தாள். அங்கே நின்றபோது அது சாக்குப்போக்காகத் தோன்றியதால் விட்டுவிட்டாள். முரளியும் சுகுணாவும் இருந்த பக்கம் திரும்பிக் கையெடுத்துக் கும்பிட்டாள். முரளி தலையைக் குனிந்துகொண்டான். சுகுணாதான் பேசினாள்.

"தினம் ஊரெல்லாம் நடக்கறீங்களே. எங்கூட்டுக்காரரு மொகத்த ஒருக்கா வந்து பாத்திருந்தா ஆகாதுங்களா?"

கருப்பண்ணன் எழுந்து, "பாப்பாத்தி, ஊரு உன்னத் தப்பா நெனச்சிருச்சு சாமி. மனசுல வச்சுக்காத" என்றார். பெண்கள் இரண்டு மூன்று பேர் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். ரோஸ்லின் அங்கிருந்து கிளம்பிவிட்டாள்.

புதன்கிழமை தடுப்பூசி நாள். ஒருத்தியும் வரமாட்டாள் என்று நினைத்துத்தான் ரோஸ்லின் ஊசிப் பெட்டியைத் திறந்தாள். முதல் ஆளாக வந்து உட்கார்ந்தவள் சுகுணா. ஜாக்கெட் கையை மேலே ஏற்றிவிட்டு வேறு பக்கம் பார்த்தாள். "போடுங்க. உங்க மேல கோவம் இருக்குது. அது எங்கூட்டுப் பிரச்சினை. பிள்ளைக்கு என்ன வந்துது?" ரோஸ்லின் ஊசியைப் போட்டாள். வயிற்றைத் தொட்டுப் பார்த்தாள். தலை சரியாகத் திரும்பியிருந்தது. சுகுணாவைப் பார்த்துவிட்டு மற்றப் பெண்களும் ஒவ்வொருவராக வந்தார்கள். யாரும் சிரிக்கவில்லை. மாத்திரை சாப்பிடாதவளைக்கூட அன்றைக்கு அவளால் திட்ட முடியவில்லை.

சாயங்காலம் பாப்பாத்தியின் காட்டுக்குப் போனாள். இப்போது ஊரே அங்கே இருந்தது. ஒருவர் பிடுங்க, ஒருவர் வெட்ட, லாரியில் கிழங்கு ஏறிக்கொண்டிருந்தது. ரோஸ்லினும் ஒரு கூடையை எடுத்தாள். பாப்பாத்தி வந்து அவள் கையிலிருந்து கூடையை வாங்கிக் கீழே வைத்தாள். பலமாகப் பிடுங்கவில்லை; மெதுவாகத்தான் வாங்கினாள்.

"பாப்பாத்தி, என்னை மன்னிச்சுடு."

"போன் பண்ணுனதுக்குக் கோவமில்லீங்க. தம்பிய நெனச்சுப் பயந்துட்டீங்க. அந்தப் பையன்மேல எரிச்சல்ல நாந்தான் கூடக் கொறைய அளந்து உட்டேன்." குரல் தணிந்தது. "ஆனா நான் உங்க கதவுல வந்து நின்னு கேட்டனே. எம் மொகத்தப் பாத்து இல்லைன்னீங்களே."

ரோஸ்லின் அழுதாள். பாப்பாத்தி அழவில்லை.

"வாங்க, போங்க. சோத்தக் கொண்டாந்து எங்கூட்டு வாசல்லயே உக்காந்து தின்னுங்க, வேண்டாம்னு சொல்லல. ஆனா இனிமே ஏதாச்சும் ஒரு பேச்சு வாயில வந்தா, இத நர்ஸம்மாகிட்டச் சொல்லலாமான்னு ஒருக்கா யோசிச்சுட்டுத்தான் சொல்லுவேன். அத என்னால மாத்திக்க முடியாதுங்க."

அவள் கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு லாரிக்குப் போய்விட்டாள். ரோஸ்லின் கொஞ்ச நேரம் வரப்பில் நின்றிருந்தாள். யாரும் அவளை உட்காரச் சொல்லவில்லை.